குந்துமணியின் தள்ளாட்டம்

குந்துமணி நட்சத்திரத்துக்கு ஒரு கோள் உண்டு என்று எட்டாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் நான்கு வரி இருந்தது. அந்த நான்கு வரியும் தவறாக இருக்கலாம் என்று முதலில் எழுதித் தந்தவள் இளவஞ்சி. தன் மேலதிகாரி ஜெசிந்தாவிடம் அதைக் கொடுக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை. சென்னையில் இருந்த துறைச் செயலகத்துக்கு நேராக அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை ஜெசிந்தாவின் அறைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே, "மேடம், நான் ஒரு லெட்டர் போட்டுட்டேன்," என்றாள்.

"எனக்கும் காப்பி வந்துச்சு," என்றாள் ஜெசிந்தா. "எழுத்துப்பிழை ரெண்டு இருக்கு. மத்தபடி சரியாத்தான் எழுதியிருக்க. உக்காரு."

இளவஞ்சி உட்காரவில்லை. அழுதுவிடுவோம் என்று பயந்தவள் போல வெளியே போய்விட்டாள்.

கூடப்பாறை வானாய்வகம் போடிக்கு மேலே, ஏலத்தோட்டங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில் இருந்தது. அங்கே பல வருடங்களாக ஒரே வேலைதான். நமக்குப் பக்கத்தில் உள்ள சிவப்புக் குறுநட்சத்திரங்களைக் கவனித்து, அவற்றைச் சுற்றும் சிறிய கோள்களைத் தேடுவது. சூரியனில் ஐந்தில் ஒரு பங்குகூட எடை இல்லாத மங்கலான நட்சத்திரங்கள் அவை. அவற்றின் கோள்களைக் கண்ணால் பார்க்க வழியில்லை. ஆனால் ஒரு கோள் சுற்றும்போது தன் நட்சத்திரத்தையும் கொஞ்சம் இப்படியும் அப்படியும் இழுக்கும். அந்தத் தள்ளாட்டத்தை நட்சத்திரத்தின் ஒளியில் அளந்துவிடலாம்.

ஆய்வகத்தில் நட்சத்திரங்களைப் பட்டியல் எண்ணால் யாரும் கூப்பிடுவதில்லை. மூக்குத்தி, மிளகாய், கோவைப்பழம் என்று ஆளுக்கொரு பெயர் வைத்திருந்தார்கள். சிவப்பாக, ஒரு பக்கம் மட்டும் பெரிய கரும்புள்ளியோடு இருந்ததால் இது குந்துமணி. அதன் ஒளி இங்கே வந்து சேரப் பதினோரு வருடம் ஆகும். பத்து வருடங்களுக்கு முன் ஜெசிந்தா அதில் ஒரு தள்ளாட்டத்தைக் கண்டாள். ஒன்பது நாளுக்கு ஒரு சுற்று. வினாடிக்கு நூற்று நாற்பது சென்டிமீட்டர். கடைக்கு நடந்து போகும் மனிதரின் வேகம். பூமியைவிடக் கொஞ்சம் கனமான ஒரு கோள் அங்கே இருந்தால்தான் அது நடக்கும். விருது வந்தது, தலைமைப் பதவி வந்தது, பாடப்புத்தகத்தில் நான்கு வரி வந்தது.

அந்தக் கோளின் பாதையை இன்னும் துல்லியமாகக் கணக்கிடத்தான் இளவஞ்சி வேலைக்கு எடுக்கப்பட்டாள். ஒரு பருவம் முழுக்க அளந்தாள். குந்துமணி அசையாமல் நின்றது.

இந்தத் தொழிலில், ஒருமுறை இருந்து மறுமுறை இல்லாமல் போகும் கோளுக்கு ஒரே அர்த்தம்தான். அது எப்போதுமே இருந்ததில்லை. நட்சத்திரத்தின் கரும்புள்ளிகள் ஏமாற்றியிருக்கும், அல்லது கருவி ஏமாற்றியிருக்கும், அல்லது மனிதர் யாராவது ஏமாற்றியிருப்பார். செயலகம் மூன்றாவதைத்தான் விசாரிக்கச் சொன்னது. நிரூபணமானால் ஜெசிந்தாவுக்கு வேலை போகும். தொலைநோக்கியின் பக்கம் இனி ஒருபோதும் வர முடியாது. அவளுக்கு வயது ஐம்பத்தொன்று. தூத்துக்குடியில் படித்துக் கிளம்பிய நாளிலிருந்து வேறு எதையும் அவள் செய்ததில்லை.

விசாரிக்க வந்தவர் கோதண்டபாணி. எழுபது வயது. பல நாடுகளில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய வானியல் பேராசிரியர் என்று உத்தரவில் போட்டிருந்தது. ஜீப்பிலிருந்து அவர் இறங்கியதும் முதலில் எதிர்கொண்டவர் கருவிப் பொறியாளர் சிக்கந்தர்.

"சார், மலைக்கு வந்தா மொதல்ல இஞ்சி டீ. விசாரணை அப்புறம். தூக்குல போடப்போற ஆளுக்கே கடைசி ஆசை கேக்குறாங்க. போடவந்த ஆளுக்குக் கேக்க மாட்டோமா?"

"பாய், வாயை மூடுங்க," என்றாள் ஜெசிந்தா.

கோதண்டபாணி சிரித்தார். "சர்க்கரை வேண்டாம்," என்றார்.

விசாரணை நூலகத்தில் நடந்தது. ஜன்னலுக்கு வெளியே மேகம் பாறைமேல் ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் செல்பேசியில் ஒலிப்பதிவை அழுத்தி மேஜைமேல் வைத்தார்.

"பொய்க்கோள் பத்திச் சொல்லுங்க. எனக்குத் தெரியும். பதிவுக்காகக் கேக்கிறேன்."

"எங்களை நாங்களே சோதிக்கிறதுக்கு வச்சிருக்கிற முறை, சார். ஒவ்வொரு பருவமும் எங்கள்ல ஒருத்தர், மத்தவங்களுக்குத் தெரியாம, அளவுப் பட்டியல்ல ஏதோ ஒரு நட்சத்திரத்துக்கு ஒரு பொய்த் தள்ளாட்டத்தைச் சேர்த்து வைப்பார். இல்லாத கோளை இருக்கிற மாதிரி. நாங்க அதைக் கண்டுபிடிக்கிறோமா, ஏமாறுறோமான்னு பாக்க."

"எந்த நட்சத்திரத்துல சேர்த்தார்னு எப்படித் தெரியும்?"

"ஒரு தாள்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, ஒட்டின இடத்துல கையெழுத்துப் போட்டு, பதிவேட்டுல தேதி எழுதி பீரோவுல வச்சிடணும். நாங்க முடிவை எழுதின பிறகுதான் கவரைப் பிரிக்கணும். பிரிச்சதும் பொய்யைக் கழிச்சிடுவோம். மிச்சம் இருக்கிறதுதான் நிஜம்."

"குந்துமணி கண்டுபிடிச்ச பருவத்துல யாரோட முறை?"

"சிக்கந்தர் பாயோடது. கவர்ல 'இந்தப் பருவம் எதுவும் சேர்க்கவில்லை'ன்னு இருந்துச்சு. அப்படியும் சில சமயம் வைக்கிறதுண்டு. அப்பத்தான் நாங்க இல்லாத பொய்யைத் தேடி அலைவோம்."

கோதண்டபாணி பதிவேட்டைத் திருப்பி அவள் பக்கம் நகர்த்தினார். "கவர் வச்ச தேதி மார்ச் மூணு." பிறகு இன்னொரு தாளை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். "இது விடுப்புக் கணக்கு. பிப்ரவரி இருபத்தேழுல இருந்து மார்ச் ஒன்பது வரைக்கும் சிக்கந்தர் மலையிலயே இல்ல. உத்தமபாளையத்துல மகளுக்கு நிக்காஹ். அப்புறம் கவரை வச்சது யாரு?"

ஜெசிந்தா இரண்டு தாள்களையும் தன் பக்கம் இழுத்தாள். பத்து வருடத்தில் அந்த இரண்டு தேதிகளையும் அவள் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

சிக்கந்தரைக் கூப்பிட்டார்கள். அவர் இரண்டு தாள்களையும் பார்த்தார். முகத்திலிருந்த கேலி அப்படியே வடிந்துவிட்டது.

"மறந்துட்டேன், சார்," என்றார். "கல்யாண அவசரம். பொய்க்கோளும் வைக்கல, கவரும் வைக்கல. முடிவை எழுதிட்டு, கவரை எடுங்கன்னு இவங்க எல்லாரும் வட்டமா நிக்கும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. பீரோச்சாவி எங்கிட்ட. போய் எடுத்துட்டு வரேன்னு உள்ள போயி, அங்கயே எழுதி ஒட்டி, பழைய தேதியைப் போட்டுட்டேன். எதுவும் சேர்க்கலைங்கிறது உண்மைதானே சார். கவர்தான் பொய்."

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே, பாய்," என்றாள் ஜெசிந்தா.

"சொன்னா சிரிப்பீங்கன்னு நெனச்சேன். அப்புறம் பேப்பர், டிவின்னு எல்லாம் வந்துச்சு. அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது?"

கோதண்டபாணி ஒலிப்பதிவை நிறுத்தினார். அவர் குரலில் கோபம் இல்லை. "நீங்க சொல்றது நிஜமா இருக்கலாம். ஆனா செயலகத்துக்குக் கவர்தான் தெரியும். உள்ள இருந்த நிஜக் கவரை எடுத்துட்டு வேற வச்சீங்கன்னு சொல்லுவாங்க. உங்க சொந்தப் பொய்க்கோளையே கண்டுபிடிப்புன்னு அறிவிச்சிட்டீங்கன்னு முடிச்சிடுவாங்க. ரெண்டு பேர் பேரும் போகும்."

அன்று மதியம் ஜெசிந்தா சாப்பிடவில்லை. ஆனால் தன் பெயரைவிட இன்னொரு விஷயம் அவளை அரித்தது. பொய்க்கோளைச் சேர்ப்பது அளவுப் பட்டியலில் மட்டும்தான். தொலைநோக்கியிலிருந்து வந்த மூலப் படங்களை யாரும் தொடுவதில்லை. அவை அடித்தளத்தில் பூட்டிய அறையில் பத்து வருடமாகக் கிடக்கின்றன. அவற்றை எடுத்து முதலிலிருந்து அளந்தால் கோள் நிஜமா பொய்யா என்பது தெரிந்துவிடும். எந்த வானியலாளரும் முதலில் கேட்பது அதைத்தான். கோதண்டபாணி பதிவேடு கேட்டார், விடுப்புக் கணக்கு கேட்டார். மூலப் படங்களைக் கேட்கவே இல்லை.

அவள் இளவஞ்சியைத் தேடிப் போனாள்.

"அடித்தளத்துச் சாவி வாங்கிட்டேன். பத்து வருஷப் படங்களையும் முதல்ல இருந்து அளக்கணும். ரெண்டு பேர் வேணும். உன் லெட்டரை நீயே பொய்யாக்குற மாதிரி ஆகலாம். வாறியா?"

"உண்மைன்னா ஆகட்டும், மேடம்," என்றாள் இளவஞ்சி. பிறகு, "அந்த ரெண்டு எழுத்துப்பிழை எதுன்னு மட்டும் சொல்லிடுங்க. இத்தனை நாளா அதான் உறுத்துது," என்றாள்.

நான்கு நாட்கள் ஆயின. கணினி அளந்துகொண்டிருக்கும்போது இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து மேகமோ காற்றோ கெடுத்த படங்களைக் கையால் ஒதுக்கினார்கள். குந்துமணியைத் தொலைநோக்கி எல்லா வருடமும் வழக்கம்போல் படமெடுத்திருந்தது. உறுதியாகிவிட்ட கோளை யாரும் திரும்பப் பார்ப்பதில்லை என்பதால் அந்தப் படங்கள் பிரிக்காத தபால்போல் குவிந்து கிடந்தன.

முதல் பருவத்தின் கணக்கு வந்தபோது ஜெசிந்தா நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நூற்று நாற்பது சென்டிமீட்டர். ஒன்பது நாள். மூலப் படத்திலேயே இருந்தது. கோள் நிஜம்.

"அப்பாடா," என்றாள். "மாதாவே."

அடுத்த நான்கு வருடங்களும் அதே எண்தான். இளவஞ்சி மீதி வருடங்களை ஓடவிட்டாள். எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வந்தன. நூற்றுப் பன்னிரண்டு. எண்பத்து நான்கு. ஐம்பத்தாறு. இருபத்தெட்டு. பூஜ்யம்.

இளவஞ்சி கடைசி வருடத்தை மறுபடி ஓடவிட்டாள், மறுபடியும் பூஜ்யம்தான்.

"மேடம், கருவி தேய்ஞ்சிருக்குமோ?"

"மூக்குத்தியைப் போடு. கோவைப்பழத்தையும் போடு."

போட்டாள். மற்ற நட்சத்திரங்களின் கோள்கள் அசையாமல் தங்கள் எண்ணிலேயே நின்றன.

"கரும்புள்ளி?"

"புள்ளின்னா சுத்துற நாள் மாறும். இங்க ஒன்பது நாள் கடைசி வரைக்கும் மாறல. இழுக்கிற பலம் மட்டும் குறையுது."

"கோள் உடைஞ்சிருக்குமா? ஏதாவது மோதி?"

"மோதினா ஒரே நாள்ல உடையும். இதைப் பாரு." ஜெசிந்தா திரைமேல் விரலை வைத்து இறங்கும் புள்ளிகளின் வழியே இழுத்தாள். அளவுகோல் வைத்ததுபோல் இருந்தது. "வருஷத்துக்கு இருபத்தெட்டு. ஒரு வருஷம் கூடல, ஒரு வருஷம் குறையல."

"யாரோ ஷிஃப்ட் போட்டு வேலை பாத்த மாதிரி இருக்கு," என்றாள் இளவஞ்சி. சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினாள்.

"அவ்வளவு எடை எங்க மேடம் போகும்? ஒரு கோளோட எடை."

"எங்கயும் போக வேண்டாம். ஒரே இடத்துல இருந்தாத்தான் ஒரு பக்கமா இழுக்கும். பொடியாக்கி நட்சத்திரத்தைச் சுத்தி வளையமாப் பரப்பிட்டா எல்லாப் பக்கமும் சமமா இழுக்கும். தள்ளாட்டம் நின்னுடும்." பிறகு, தனக்குத்தானே சொல்வதுபோல், "வீடு கட்டுறவங்க பாறையை உடைச்சு ஜல்லியாக்குவாங்கல்ல, அது மாதிரி," என்றாள்.

வளையம் இருந்தால் அது நட்சத்திரத்தின் வெளிச்சத்தைத் துளி மறைக்கும். பார்த்தார்கள். ஐந்து வருடத்தில் குந்துமணி ஆயிரத்தில் மூன்று பங்கு மங்கியிருந்தது.

மறுநாள் காலை ஜெசிந்தா அந்த வரைபடத்தை எடுத்துக்கொண்டு விருந்தினர் விடுதிக்குப் போனாள். கோதண்டபாணி வெளியே வெயிலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அது என்ன என்று அவர் கேட்கவில்லை. அளவு சரியா, பிழை எவ்வளவு என்றும் கேட்கவில்லை. இறங்கும் கோட்டில் விரலை வைத்து, "அஞ்சு வருஷம்," என்றார். "எங்களோடது ஒன்பது வருஷம் ஆச்சு."

ஜெசிந்தா நின்றுகொண்டே இருந்தாள்.

"நீங்க வேணும்னேதான் மூலப் படத்தைக் கேக்கல."

"கேட்டா அது விசாரணைக் கோப்புல ஏறும். யாரும் ஒழுங்காப் பாக்காமலே மூடிடுவாங்க. நீங்களா எடுத்துப் பாப்பீங்களான்னு காத்திருந்தேன். உக்காருங்க, ஜெசிந்தா."

அவர் தன் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். முப்பது வயதுக்குப் பக்கத்தில், அயல்நாட்டு ஆய்வகம் ஒன்றில், பதினைந்து ஒளியாண்டு தூரத்துச் சிவப்பு நட்சத்திரம் ஒன்றில் அவர் ஒரு கோளைக் கண்டார். சில வருடத்தில் அது குறையத் தொடங்கியது. இருபத்தெட்டு வருடங்களுக்கு முன் பூஜ்யம் ஆனது.

"கோள் இருந்துச்சு, இப்ப இல்லன்னு நான் எழுதினேன். நல்லா சிரிச்சாங்க. தப்பை ஒத்துக்கத் தெரியாத ஆளுன்னு பேரு வந்துச்சு. அன்னைக்கு விட்டதுதான், அதுக்கப்புறம் எந்தத் தொலைநோக்கியிலயும் எனக்கு அரை மணி நேரம்கூடக் குடுக்கல. அப்புறம் பதிமூணு ஒளியாண்டுல இன்னொண்ணு. அதுக்கு ஏழு வருஷம். அதைக் கண்டுபிடிச்ச அம்மா ரொம்ப நேர்மையானவங்க. சந்தேகம் வந்தா மொதல்ல தன்னைத்தான் சந்தேகப்படுவாங்க. கரும்புள்ளியைக் கோள்னு நெனச்சிட்டேன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. நான் போய்ப் பாத்தேன். ஆறு மணி நேரம் பேசினேன். 'நான் தப்புப் பண்ணேன்னு நம்புறதுதான் எனக்குச் சுலபமா இருக்கு'ன்னாங்க. யாரும் எதையும் மறைக்கல, ஜெசிந்தா. மறைக்கவே தேவையில்ல. நம்ம தொழிலே அப்படி. காணாமப் போனா, இல்லவே இல்லன்னு அர்த்தம்."

"ரெண்டு புள்ளி வச்சு எந்தக் கோடும் போடலாமே, சார்."

"அதனாலதான் மூணாவதுக்குக் காத்திருந்தேன். பதினஞ்சு, பதிமூணு, பதினொண்ணு. மூணும் வானத்துல ஒரே திசை. நடுவுல ரெண்டு ரெண்டு ஒளியாண்டு. ஒரு இடத்துல வேலை முடிஞ்சதுக்கும் அடுத்த இடத்துல ஆரம்பிச்சதுக்கும் பத்துப் பத்து வருஷம். ஒளி வர்ற நேரத்தைக் கழிச்சிட்டுச் சொல்றேன்."

ஜெசிந்தாவுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. அது தானாகவே நடந்துவிட்டது. ஒளியின் வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு. குந்துமணியிலிருந்து இங்கே வர, பதினோரு ஒளியாண்டுக்கு ஐம்பத்தைந்து வருடம். குந்துமணியில் வேலை முடிந்ததை இந்த வருடம்தான் பார்த்தோம், ஆனால் அது நடந்தது பதினோரு வருடத்துக்கு முன்.

"நாப்பத்து நாலு," என்றாள்.

"ஆமா. திசை மாறலேன்னா."

"மாறலாம் இல்லையா?"

"மாறலாம். அதுவும் நமக்குத் தெரியணும்னா யாராவது பாத்துக்கிட்டே இருக்கணும்." அவர் காகிதத்தை மடிக்காமல் திருப்பித் தந்தார். "இதுவரைக்கும் இதைக் கையில வச்சுக்கிட்டு, வேலையிலயும் இருந்தவங்க யாரும் இல்ல. நீங்க இதை அறிக்கையில வைங்க. மூலப் படம் இருக்கு. நான் பக்கத்துல நிக்கிறேன். கவர் விஷயம் வெளிய வரும். சிக்கந்தருக்கு வேலை போகும், உங்களைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைப்பாங்க. ஆனா இந்த முறை அவங்க படத்தைப் பாத்துத்தான் ஆகணும்."

ஜெசிந்தா சம்மதித்தாள். பாயிடம் முதலில் தானே சொல்லிவிட வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

சிக்கந்தர் கருவி அறையில் இருந்தார். அவளைக் கண்டதும் எழுந்து, பல நாளுக்குப் பிறகு பழைய சிரிப்பைச் சிரித்தார்.

"வாங்க மேடம், வாங்க. நானே வரணும்னு இருந்தேன். எல்லாம் முடிஞ்சுது. இனிமே நிம்மதியா சாப்பிடலாம்."

"என்ன முடிஞ்சுது?"

"முந்தாநாளே எழுதி அனுப்பிட்டேன். சென்னைக்கு நேரா. 'குந்துமணியில் பொய்க்கோளைச் சேர்த்தது நான். மகள் கல்யாணக் குழப்பத்தில் அதைக் கவரில் எழுத மறந்தேன். பயந்துபோய் வெற்றுக் கவர் வைத்தேன். தலைமை ஆய்வாளருக்கு இதில் எதுவும் தெரியாது.' இன்னைக்குக் காலையில பதில் வந்துடுச்சு. கட்டாய ஓய்வு, அவ்வளவுதான். எனக்கு இன்னும் ஒரு வருஷம்தானே இருந்துச்சு. உங்க மேல ஒரு கீறல் இல்ல."

ஜெசிந்தா கருவியின் உறைமேல் கையை ஊன்றிக்கொண்டாள்.

"நீங்க எதுவும் சேர்க்கலையே, பாய்."

"சேர்க்கலதான். ஆனா யாருக்குத் தெரியும்? கோளும் இல்லைன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. எங்கயோ தப்பு நடந்திருக்கு. தப்பு என் பேர்ல இருந்துட்டுப் போகட்டும். நீங்க கண்டுபிடிச்ச அன்னைக்கு இந்த ரூம்ல எப்படிக் குதிச்சீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களைத் திருடின்னு எழுதவிட்டுட்டு நான் ஊர்ல போய் உக்காந்து சோறு திங்கவா?"

அவள் மெதுவாக, ஒன்று விடாமல், எல்லாவற்றையும் அவரிடம் சொன்னாள். மூலப் படங்கள், இருபத்தெட்டு இருபத்தெட்டாக இறங்கிய எண்கள், மூன்று நட்சத்திரங்கள், நாற்பத்து நான்கு வருடம். அவர் கருவிகளோடு வாழ்ந்தவர். இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் அவர் உதடுகள் அசைந்தன. பேத்தியின் வயதைக் கூட்டிப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மாத்தி எழுதட்டா?" என்றார். "நான் சொன்னது பொய்யின்னு இப்பவே எழுதறேன். சொல்லுங்க."

அதற்குக் கோதண்டபாணிதான் மாலையில் பதில் சொன்னார். செயலகத்தின் உத்தரவு அவருக்கும் வந்திருந்தது. "கவர்ல ஒரு பொய். வாக்குமூலத்துல ஒரு பொய். மூணாவதா உண்மையைச் சொன்னா அதுக்கு எந்த மரியாதையும் இருக்காது. பொய்வாக்குமூலம்னு போலீசுக்குப் போகும். உங்களைக் காப்பாத்தினவரைக் காப்பாத்த நீங்க கதை கட்டுறீங்கன்னு படத்தையும் தூக்கி எறிவாங்க." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். "அந்த அம்மா நேர்மையால மூடினாங்க. இவர் நல்ல மனசால மூடிட்டார். நான் எதையெதையோ எதிர்பார்த்து வந்தேன். இதை எதிர்பார்க்கல."

உத்தரவில் கடைசியாக ஒரு கையெழுத்து மிச்சம் இருந்தது. விசாரணை முடிவைத் தலைமை ஆய்வாளர் ஏற்றுக்கொள்கிறார் என்ற இடம். ஏற்காவிட்டால் வழக்கு மறுபடி திறக்கும். அது முடியும்வரை ஆய்வகத்தின் கதவு அவளுக்கு மூடியிருக்கும்.

"நான் போடல," என்றார் கோதண்டபாணி. "இருபத்தெட்டு வருஷத்துக்கு முன்னாடி இதே மாதிரி ஒரு தாள்ல நான் போடல. அது சரின்னுதான் இன்னைக்கும் நெனைக்கிறேன். ஆனா அதுக்கப்புறம் நான் எதையும் பாக்கல, ஜெசிந்தா. மத்தவங்க பாத்ததைக் கேட்டுக்கிட்டு ஊர் ஊரா அலைஞ்சேன். என்ன செய்யணும்னு உங்களுக்குச் சொல்ற தகுதி எனக்கு இல்ல."

ஜெசிந்தா தாளை அறைக்கு எடுத்துப்போய் மறுநாள் மதியம்வரை மேஜைமேல் வைத்திருந்தாள். பிறகு கையெழுத்திட்டாள். இளவஞ்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று ஜெசிந்தா நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஒரு மாதத்தில் புத்தகத்திலிருந்து நான்கு வரிகள் நீங்கின. அந்த இடத்தில் சூரியகாந்தி பற்றிய பெட்டிச்செய்தி ஒன்று வந்தது. சிக்கந்தருக்கு உணவகத்தில் வழியனுப்பு நடத்தினார்கள். மாலை போட்டார்கள். "பொய்க்கோள் பாய்" என்று யாரோ கேலி செய்ய, எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஜீப்பில் ஏறும்போது ஜெசிந்தாவின் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டுப் போனார்.

அடுத்த பருவத்துக்கான கால அட்டவணையைத் தயாரிக்க வேண்டிய நாள் வந்தது. குந்துமணியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டதால் தொலைநோக்கிக்குத் தினமும் நாற்பது நிமிடம் காலியாக இருந்தது. இளவஞ்சி கணினிமுன் உட்கார்ந்து படிவத்தைத் திறந்தாள்.

"அந்த நாப்பது நிமிஷத்துக்கு என்ன போடறது, மேடம்?"

"அதே திசைதான்."

"அங்க வேற நட்சத்திரம் இல்லையே. குந்துமணிக்கும் நமக்கும் நடுவுல எதுவுமே இல்ல."

"தெரியும். வெறும் வானத்தைப் பாக்கட்டும்."

இளவஞ்சி திரும்பி அவளைப் பார்த்தாள். அன்றைக்கு வாசலில் நின்ற நாளிலிருந்து இருவரும் வேலையைத் தவிர வேறு பேசியிருக்கவில்லை. இளவஞ்சி படிவத்துக்குத் திரும்பினாள். காரணம் என்ற கட்டத்தில், 'கருவிப் பராமரிப்பு' என்று எழுதினாள். யாரும் கேள்வி கேட்காத காரணம் அது. பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டாள். படிவம் ஏற்றுக்கொண்டது. தூரம் என்ற கட்டத்திலும் ஒரு கோடு போட்டாள். அதைப் படிவம் ஏற்கவில்லை. எண் வேண்டும் என்று சிவப்பில் காட்டியது.

"பூஜ்யம் போடட்டுமா?"

ஜெசிந்தா மேஜையிலிருந்த பென்சிலை எடுத்தாள். பதினோரு வருடம், வருடத்துக்கு ஐந்தில் ஒரு ஒளியாண்டு. பதினொன்றிலிருந்து கழித்தாள்.

"எட்டுப் புள்ளி எட்டு," என்றாள்.

இளவஞ்சி அதைத் தட்டினாள். படிவம் பச்சையானது. அவள் விரல்கள் விசைப்பலகையைவிட்டு எழவில்லை.

"அடுத்த பருவத்துக்கு எட்டுப் புள்ளி ஆறுன்னு மாத்தணும், மேடம்," என்றாள். "ஞாபகம் வச்சுக்கறேன்."